ஜெனாட்டின் ஓம்

தமிழில் இல்லாத ஓர் ஒலியை ஜெனாட் முப்பத்தாறாவது வயதில் கற்றுக்கொண்டார். மேல்வரிசையின் இரண்டு முன்பற்களையும் கீழுதட்டில் மெல்லப் பதித்துக் காற்றை விட்டால் பிறக்கிற ஒலி அது. பிரெஞ்சு வகுப்பு ஆசிரியை ஆளுக்கொரு சிறு கண்ணாடியைக் கையில் கொடுத்து, யன்னல் என்ற சொல்லை 'பெனேத்ர' என்று சொல்லக்கூடாது, 'ஃபெனேத்ர' என்று சொல்லவேண்டும் என்றார். மன்னாரில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அதுவரை யன்னலைத் திறக்கப் பல் தேவைப்பட்டதில்லை. ஜெனாட் பஸ்ஸிலும் சமையலறையிலும் கீழுதட்டைக் கடித்துக் கடித்துப் பழகினார். எட்டு மாதத்தில் வந்துவிட்டது.

அந்த ஒலிதான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. கணவர் தேவதாசன் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டு அவர் கனடாவின் இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்துக்கு வந்த முதல் ஒன்பது ஆண்டுகள் டவுன்டவுன் உணவகம் ஒன்றின் பின்புறத்தில் கோப்பை கழுவியதில் போயின. அங்கே யாருக்கும் யாருடைய உச்சரிப்பும் தேவையில்லை. பிறகு நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், வீட்டிலிருந்து நாலு பஸ் தரிப்பிடம் தள்ளியுள்ள ஒரு கார்டெரியில், சிறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், உதவியாளராகச் சேர்ந்தார். நாலு வயதுப் பிள்ளைகளின் அறை. மதிய உணவுக்குப் பின் அவர்களை வட்டமாக இருத்திக் கதைப்புத்தகம் வாசிப்பது அவருடைய பங்கு. எறும்பு, பூ, தேவதை, காடு என்று பிரெஞ்சுக் கதைகளில் உள்ள முக்கியமான ஆட்கள் எல்லோரும் அந்த ஒலியில்தான் தொடங்குகிறார்கள் அல்லது முடிகிறார்கள். பதினொரு ஆண்டுகள் வாசித்தார். உலகத்தில் தனக்குக் கிடைத்த ஒரே மேடை அது என்று ஜெனாட் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் அந்த நாற்காலியில் வேறு யாராவது இருந்தால் அவர் முகம் மாறும்.

2021 செப்டம்பரில் அந்தக் கார்டெரி தன் ஊழியர்களை ஒரு குழுக் காப்புறுதியில் சேர்த்தது. நிறுவனத்தின் பெயர் முக்கியமில்லை. அதன் கைநூலின் அட்டையில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது, நாலு பேருக்கும் எல்லாப் பல்லும் தெரிந்தன. இரண்டு கிழமைக்கு ஒருமுறை சம்பளத்தில் ஒரு தொகை கழிக்கப்பட்டது. கழிப்பதற்கு முன் எந்தச் சரிபார்ப்பும் நடக்கவில்லை. யாரும் தொலைபேசி எடுத்து, மதாம், இந்தப் பணம் உண்மையில் உங்களுடையதா, வேலையில் சேருமுன்பே இருந்த பணமா என்று கேட்கவில்லை.

2023 பெப்ரவரியில் ஒரு காலை உறைமழை பெய்து நடைபாதை கண்ணாடியாகிக் கிடந்தது. ஜெனாட் பஸ்ஸுக்குப் போகும் வழியில், மூலைக் கடையான டெப்பனரின் படியில் சறுக்கி, முகம் இரும்புக் கைப்பிடியில் மோத விழுந்தார். ஒரு முன்பல் அங்கேயே பனிக்கட்டிக்குள் போயிற்று. உப்புப் போடும் வண்டி வந்து அதையும் வாரிக்கொண்டு போயிருக்கும். மற்றது ஆடிக்கொண்டிருந்து மறுநாள் கையோடு வந்தது. அதைக் குப்பைவாளியில் போட்டார். ஒரு பல்லுக்குப் பின்னொரு நாள் சாட்சிக்கூண்டில் ஏறவேண்டிய தேவை வரும் என்று அவர் நினைக்கவில்லை. அவசரப் பிரிவில் பதினாறு மணிநேரக் காத்திருப்பு என்று வானொலி சொன்னதால் அங்கே போகவும் இல்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். பல் வைத்தியரிடம் நேரம் கிடைத்தபோது ஏப்ரல் பிறந்துவிட்டது, புண்ணும் ஆறிவிட்டது.

கார்டெரியில் பிள்ளைகள் அவரைத் தங்களில் ஒருவராகவே ஏற்றுக்கொண்டார்கள். தலையணைக்குக் கீழே வைத்தால் பல் தேவதை காசு தருவாள் என்று ஒரு சிறுமி இரகசியமாகச் சொன்னாள். அந்தத் தேவதை போம் எதுவும் நிரப்பக் கேட்பதில்லை என்பதை ஜெனாட் அப்போது போதிய அளவு மதிக்கவில்லை. வாசிப்புத்தான் சிக்கலாயிற்று. பூ வெறும் காற்றாக வந்தது, தேவதை விசிலாக வந்தாள். பிள்ளைகள் வீட்டில் அதைப் பின்பற்றிப் பேச, இரண்டு பெற்றோர் முறையிட்டார்கள். பொறுப்பாளர் மதாம் சில்வி கெட்டவர் அல்லர். பல் கட்டும்வரைக்கும் மட்டும் என்று சொல்லி, ஜெனாட்டைக் கார்டெரியின் சமையலறைக்கு மாற்றினார். ஆகவே இனி நடக்கப்போகிற எல்லாவற்றிலும் ஜெனாட்டுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அந்த நாற்காலி. அதற்கு வழி இரண்டு பல்.

பல் வைத்தியர் செலவு மதிப்பீட்டைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பினார். எலும்பில் இரண்டு திருகாணிகளை இறக்குவது முதற்கட்டம், அவை எலும்போடு இறுகிய பின் அவற்றின் மேல் பல் பூட்டுவது இரண்டாம் கட்டம். விபத்தில் போன பற்களுக்கு ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. இரண்டு கட்டங்களுக்கும் அனுமதி என்று பதில் வந்தது, அதற்கு ஓர் இலக்கமும் இருந்தது. மே மாதம் திருகாணிகள் இறங்கின. முதற்கட்டப் பணத்தை நிறுவனம் கொடுத்தது. கோடை முழுவதும் ஜெனாட் கஞ்சியும் பிசைந்த சோறும் சாப்பிட்டு எலும்பு இறுகக் காத்திருந்தார்.

செப்டம்பரில் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் வந்தார். வழக்கமான சரிபார்ப்புத்தான், ஏழு நிமிடம் போதும் என்றார். இனிமையான குரல். ஜெனாட் பாத்திரங்களைத் துடைத்தபடியே பதில் சொன்னார். ஒக்டோபரில் கடிதம் வந்தது. காப்புறுதி தொடங்குமுன் இழந்த பற்களுக்கு ஒப்பந்தம் பொறுப்பல்ல; அந்தப் பற்களை முன்பே இழந்திருந்ததையும் அங்கே பொய்ப்பல் அணிந்திருந்ததையும் காப்புறுதி பெற்றவரே தொலைபேசியில் ஒப்புக்கொண்டிருக்கிறார்; எனவே இரண்டாம் கட்டத்துக்குப் பணம் இல்லை; முதற்கட்டத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவும். கீழே, தங்கள் நம்பிக்கைக்கு நன்றி.

தேவதாசன் லொங்குய்யில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்பவர். பெட்டிகளில் ஒட்டிய சிறு எழுத்தை வாசித்துப் பழகியவர். ஏப்ரலில் வந்த அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தார். இந்த அனுமதி பணம் கொடுப்பதற்கான உறுதி ஆகாது என்று அங்கே இருந்தது. உறுதி இல்லாத அனுமதி என்றால் என்ன என்று யாராவது விளக்கினால் நல்லது. வாயில் திருகாணியை இறக்குமுன் விளக்கினால் இன்னும் நல்லது.

"நீ என்னத்தைச் சொல்லித் துலைச்சனி?" என்று கேட்டார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. அவள் கேட்டதுக்கு ஓம் ஓம் எண்டனான். அவ்வளவுதான்."

"நீ ஓம் எண்டு சொல்லித்தானே என்னையும் கட்டினனி. யோசிச்சுச் சொல்லுறேல்லை."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து தேவதாசனின் தங்கை மாக்கிரட் ஒரு போத்தல் மந்திரித்த எண்ணெயோடு வந்தார். பல் வலிக்காரருக்கென்றே புனித அப்போலோனியாள் இருக்கிறார், அவரைக் கும்பிடு என்றார். பழைய நாளில் விசுவாசத்துக்காக அந்தப் பெண்ணின் பற்களை அடித்து உடைத்தார்களாம். தேவதாசன் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

"அவ போய்க் கேட்டாலும் உவங்கள் குடுக்கமாட்டாங்கள் தங்கச்சி. முந்தியே இல்லாத பல்லெண்டு எழுதிவிடுவாங்கள்."

எண்ணெய் பலன் தரவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அடுத்த ஆறு மாதம் ஜெனாட் தட்டிய மற்ற வாசல்களும் எண்ணெயைவிட அதிகம் தரவில்லை. முதலில், நிறுவனத்துக்குள்ளேயே உள்ள முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதவேண்டும் என்பது விதி. எழுதினார். மறுத்தவர்களின் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாவற்றையும் கவனமாக ஆராய்ந்து, மறுத்தது சரி என்று ஜனவரியில் பதில் எழுதினார்கள். அடுத்து, காப்புறுதிக்காரர்களைக் கண்காணிக்கும் மாகாண அமைப்புக்குக் கோப்பை அனுப்பும்படி கேட்கலாம் என்று அந்தக் கடிதத்தின் அடியிலேயே இருந்தது. கேட்டார். அந்த அமைப்பு மரியாதையாக, இரண்டு பக்கமும் உடன்பட்டால் சமரசப் பேச்சு நடத்தலாம் என்றது. நிறுவனம் உடன்படவில்லை. கட்டளையிடும் அதிகாரம் அந்த அமைப்பிடம் இல்லை. இப்படியாக ஏப்ரல் வந்துவிட்டது. மறுப்பதற்கு ஒரு கடிதம் போதும், அந்த மறுப்பை மறுக்க ஓர் ஆண்டு வேண்டும். இந்தக் கணக்கு யாரோ தெரியாமல் போட்ட கணக்கு என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

மகள் மெலனிதான் டவுன்டவுனில் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனை மையத்தைக் கண்டுபிடித்தாள். அங்கே கஜந்தினி என்று ஒரு பிள்ளை இருந்தது. சட்டம் மூன்றாம் ஆண்டு, யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பன், தமிழ் கொஞ்சம் தடக்கும். மாணவர்கள் தகவல் சொல்லலாம், வழக்குப் பேச முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அவள் மறுப்புக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"அன்ரி, இது முன்னமே இல்லாத பல்லு, அதால விலக்கு எண்டு சொல்லுறது அவை. அப்ப அதை நிரூபிக்கவேண்டியதும் அவைதான். நீங்கள் இல்லை. ஆனா அவையிட்ட உங்கட குரல் இருக்கு. முதல் அதைக் கேட்டு எடுங்கோ. உங்களைப் பற்றி வைச்சிருக்கிற பதிவைப் பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

பிறகு, பணத்தின் அளவு பதினையாயிரம் டொலருக்குள் இருப்பதால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றாள். அங்கே வழக்கறிஞர் பேச இடமில்லை. நிறுவனமும் தன் ஊழியர் ஒருவரைத்தான் அனுப்பலாம். மறுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும். போடுமுன் 'மிஸ் ஆன் தெமேர்' ஒன்று அனுப்பவேண்டும்.

"அது ஆர் அந்த மிஸ்?" என்றார் தேவதாசன். அவருக்குத் தெரிந்த மிஸ்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நின்றவர்கள்.

"ஆள் இல்லை அங்கிள், கடிதம். இத்தனை நாளுக்குள்ள தராட்டி வழக்குப் போடுவன் எண்டு எழுதுறது."

"அப்ப பிரம்பு எங்கடை கையிலையோ? அனுப்புவம்."

நிறுவனம் தொலைபேசிப் பதிவை அனுப்பியது. வீட்டுச் சமையல் மேசையில் மெலனியின் கணினியைச் சுற்றி மூவரும் இருந்து கேட்டார்கள். இனிய குரல் பதினாலு கேள்வி கேட்டது. ஜெனாட் பதினாலுக்கும் 'வுய், வுய்', அதாவது ஓம் ஓம், என்றார். ஒன்பதாவது கேள்வி: 'அந்தப் பற்களை ஒப்பந்தத்துக்கு முன்பே இழந்திருக்கவில்லை, மதாம்?' வுய். பத்தாவது: 'அவ்விடத்தில் பொய்ப்பல் எதுவும் அணிந்திருக்கவில்லை?' வுய், வுய்.

தேவதாசன் தலையில் கை வைத்தார். ஜெனாட்டுக்குப் புரியவில்லை.

"பிழை என்ன? போட்டிருக்கேல்லைத்தானே எண்டு கேட்டவள். ஓம், போட்டிருக்கேல்லை. சரியாத்தானே சொன்னனான்."

மெலனி இந்த நகரத்தில் பிறந்தவள். அவளுக்குச் சட்டென்று விளங்கியது. தமிழில் 'நீ சாப்பிடேல்லைத்தானே' என்று கேட்டால், சாப்பிடாதவர் ஓம் என்பார். நீ சொல்வது சரி, நான் சாப்பிடவில்லை என்று பொருள். கேட்டவரின் கூற்றுக்கு உடன்படுகிறோம். பிரெஞ்சுக்காரர் அப்படி அல்லர். சாப்பிடாதவர் 'நோ' என்பார். அம்மா பிரெஞ்சுச் சொல்லில் தமிழ் ஓம் சொல்லியிருக்கிறார். கார்டெரிப் பிள்ளைகளுக்கு இது பழக்கமான சங்கதி. உனக்குப் பசிக்கவில்லையா என்று அவர்கள் கேட்டு, ஜெனாட் ஆம் என்றால், பங்கு கேட்கமாட்டார் என்று பிஸ்கட்டை ஒளிக்காமல் சாப்பிடுவார்கள். நாலு வயதில் விளங்கியது, மூன்று மாடிச் சட்டப்பிரிவுக்கு விளங்கவில்லை. அல்லது விளங்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

மையத்தில் இதைக் கேட்ட கஜந்தினி சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். தமிழ் தெரியாத நீதிபதிக்கு இது கெட்டித்தனமான சாட்டுப் போலக் கேட்கும், வேறு சான்றும் வேண்டும் என்றாள். பற்கள் முன்பு இருந்ததற்கு மதாம் சில்வி சாட்சிக் கடிதம் தந்தார். ஆனால் நிறுவனம் சொல்வது அங்கே இருந்தது பொய்ப்பல் என்று. பொய்ப்பல்லும் பார்வைக்குப் பல்தான். பழைய பல் வைத்தியரின் கோப்பு இருந்தால் போதும். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து விபத்துவரை ஜெனாட் பல் வைத்தியரிடம் போனதே இல்லை. காப்புறுதி இல்லாதபடியால் போகவில்லை, அது வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. போகாதபடியால் கோப்பு இல்லை. கோப்பு இல்லாதபடியால் காப்புறுதி இல்லை. இதை எழுதிய ஆட்களுக்குத் தர்க்கம் தெரியாது என்று சொல்லமுடியாது.

புகைப்படங்களைத் தேடினார்கள். இருபது ஆண்டுக்கு மேலான ஆல்பங்கள். ஞானஸ்நானம், முதல் நன்மை, மெலனியின் பட்டமளிப்பு, நயாகரா. ஒன்றிலும் ஜெனாட்டுக்கு வாய் திறக்கவில்லை. படம் என்றால் வாயை மூடி, கையைக் கட்டி, பொலிஸ் பதிவுக்கு நிற்பதுபோல் நிற்கவேண்டும் என்று பழகிய சனம். கனடா முழுக்கச் சிரித்துப் படமெடுத்தாலும் ஜெனாட் மட்டும் எதற்கோ தயாராக நின்றார்.

"கலியாண வீடியோ," என்றாள் மெலனி.

2022 ஜூலை மாதம் மாக்கிரட்டின் மகனுக்குக் கலியாணம். காப்புறுதி தொடங்கிப் பத்து மாதம். நம்முடைய கலியாண வீடியோவில் ஒரு பகுதி உண்டு, அதை யாரும் விரும்புவதில்லை, யாரும் விடுவதுமில்லை. வீடியோக்காரர் மேசை மேசையாகப் போய், வாயில் சோறு வைத்திருக்கும் ஒவ்வொருவர் முகத்தையும் கிட்டப் பிடித்து எடுப்பார். எதிர்காலச் சந்ததிக்கு இதனால் என்ன பயன் என்று அறிவுள்ளவர்கள் கேட்டதுண்டு. பயன் இதோ. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீட்டுக் கலியாணம் என்பதால் இறைச்சி இருந்தது. சைவக் கலியாணமாக இருந்திருந்தால் சாம்பாரை வைத்து எதை நிரூபிப்பது?

வீடியோக்காரர் இரவிச்சந்திரனுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் என்னை நல்லாப் பேசினீங்கள். உதை அழி, இல்லாட்டிக் கமராவை உடைப்பன் எண்டு."

"அழிச்சனியோ?"

"அழிச்சா என்ர பிழைப்பென்ன அக்கா? வெட்டி ஒட்டினதிலை இருக்கு. கொஞ்சம் இஃபெக்ட் போட்டிருக்கு, பாத்து ஏசப்படாது."

ஏசவேண்டியதாகத்தான் இருந்தது. பத்தொன்பது வினாடி. ஜெனாட் ஆட்டெலும்பை இரண்டு கையாலும் பிடித்து, மேல் முன்பற்களால் இறைச்சியைக் கவ்வி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிய்க்கிறார். எந்தக் கழற்றும் பல்லும் அந்த இழுவைக்கு நின்றுபிடிக்காது. ஆனால் காட்சி மெதுவாக ஓட, மேலிருந்து ரோசா இதழ்கள் சொரிந்தன, கடைசியில் ஒரு பெரிய சிவப்பு இருதயம் விரிந்து ஜெனாட்டின் முகத்தை மூடியது. இதழும் இருதயமும் இல்லாத மூலப்பதிவு இரவிச்சந்திரனிடம் இல்லை.

2025 மார்ச்சில், வழக்குப் போட்டு எட்டு மாதம் கழித்து, விசாரணை. ப்ளாஸ்-டாம் மெட்ரோவில் இறங்கி மூவரும் நடந்து போனார்கள். நிறுவனத்தின் சார்பில் நீலக் கோட் போட்ட ஓர் இளைஞர் வந்திருந்தார், இழப்பீட்டுப் பிரிவு அலுவலர். மரியாதையானவர். கதவைத் திறந்து பிடித்தார். பிறகு நீதிபதியிடம், காப்புறுதி பெற்றவர் தானாகவே ஒப்புக்கொண்ட இரண்டு விடயங்களை எழுத்துப் பிரதியிலிருந்து வாசித்தார். பிரதியில் கேள்வி முழுமையாக இல்லை. 'முன் இழப்பு: ஆம். பொய்ப்பல்: ஆம்.' இவ்வளவுதான் இருந்தது.

ஜெனாட் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றிருந்தார். பதினொரு ஆண்டு பிரெஞ்சில் கதை வாசித்தவருக்கு அது மானப் பிரச்சினை. பல் இல்லாத வாயால், காற்று விசிலடிக்க, ஓம் பற்றிய விளக்கத்தைச் சொன்னார். நீதிபதி ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், குறிப்பெடுத்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கஜந்தினி பயந்ததுபோலவே அது கெட்டித்தனமாகத்தான் ஒலித்தது. பிறகு வீடியோ. நீதிமன்ற அறையில் நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும் கலந்து ஒலிக்க, ரோசா இதழ்களுக்குள்ளே ஆட்டெலும்பு. நீதிபதி இன்னொரு தரம் போடச் சொன்னார். இளைஞர் எழுந்து, படம் திருத்தப்பட்டது, முக்கியமான கணத்தில் முகம் மறைக்கப்பட்டிருக்கிறது, இறைச்சியின் கடினத்தைப் பற்றி நிபுணர் சாட்சி எதுவும் இல்லை என்றார். தேவதாசன் மெலனியிடம் அதைத் தமிழில் கேட்டு அறிந்து, மாக்கிரட் சமைப்பித்த இறைச்சிக்கு நிபுணர் தேவையில்லை, சாப்பிட்ட இருநூற்றைம்பது பேரும் சாட்சி சொல்வினம் என்றார். மெலனி அதை மொழிபெயர்க்கவில்லை.

நீதிபதி தாள்களைச் சேர்த்தார். முடிக்கப்போகிறார் என்று தெரிந்தது. ஜெனாட்டைப் பார்த்துக் கேட்டார்:

"வேறு ஆவணம் எதுவும் உங்களிடம் இல்லை, மதாம்?"

"வுய், ஐயா."

நீதிபதி கையை நீட்டினார். ஜெனாட் மடியில் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இளைஞரும் புதிய ஆவணம் என்னவோ என்று எட்டிப் பார்த்தார். கை அந்தரத்திலேயே நின்றது. மெலனி வாயைத் திறக்கப் போக, நீதிபதி அவளை வேண்டாம் என்பதுபோல் விரலால் தடுத்தார். கையை மெல்ல மடக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"நீங்கள் இன்று காரில் வரவில்லை?"

"வுய்."

"எப்படி வந்தீர்கள்?"

"மெட்ரோவில்."

நீதிபதி நீலக் கோட்டின் பக்கம் திரும்பி, எழுத்துப் பிரதியை விட்டுவிட்டு ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். ஒன்பதாவது கேள்வியிலிருந்து. அதை இரண்டு தரம் கேட்டார். அலுவலரிடம், உங்கள் ஊழியர் கேட்டது எதிர்மறைக் கேள்வி, பிரதியில் அதை நேர்க் கேள்வியாக மாற்றியது யார் என்று கேட்டார். அது முறைமையின் வழக்கம், பெட்டியில் ஆம் அல்லது இல்லை மட்டும் போடலாம் என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையில் அப்படித்தான் நடக்கிறது. மனிதர் சொல்வதைக் கேட்டு எழுதும் வேலைக்குப் பெட்டியை வைத்துவிட்டுக் கேட்கிற காதை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கியதில் மிச்சமாகும் பணம் பங்குதாரருக்குப் போகும். பெட்டி பிழை விட்டால் திருகாணி ஜெனாட்டின் வாயில் இருக்கும்.

தீர்ப்பு ஏழு கிழமையில் தபாலில் வந்தது. மூன்று பக்கம். விலக்கை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது, அந்த ஆம் ஒப்புதல் ஆகாது, இரண்டாம் கட்டச் செலவைக் கொடுக்கவேண்டும், முதற்கட்டத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, அலைச்சலுக்கு ஐந்நூறு டொலர். மேன்முறையீடு இல்லை. ரோசா இதழ்களைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை. இரவிச்சந்திரன் அதில் கொஞ்சம் மனவருத்தப்பட்டார். மாக்கிரட் அப்போலோனியாளுக்கு நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார். தேவதாசன் தடுக்கவில்லை, அந்தப் பெண்ணும் இழப்பீடு இல்லாமல் போனவர்தானே என்றார்.

நீதி வென்றது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நடந்தது அதுவல்ல. ஜெனாட் பிழையான பிரெஞ்சில் பதில் சொன்னதால் மறுத்தார்கள். நீதிபதியின் முன்னால் அதே பிழையை இன்னொரு தரம் விட்டதால் கொடுத்தார்கள். அன்று காலை அவர் கவனமாக 'நோ' என்று சொல்லியிருந்தால் கெட்டிக்காரி என்று எழுதித் தோற்கடித்திருப்பார்கள். உரிமை ஒன்று தற்செயலில் தொங்குமானால் அதன் பெயர் உரிமை அல்ல. மகள் இல்லாத, மையம் எங்கே இருக்கிறதென்று தெரியாத, முதல் கடிதத்தோடு மனம் விட்டுப்போன எத்தனை பேர் இந்த நகரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. அந்தக் கணக்கைச் சரிபார்க்க யாரும் தொலைபேசி எடுப்பதில்லை.

ஜூலையில் பல் பூட்டினார்கள். ஓகஸ்ட் கடைசியில், புதிய பிள்ளைகள் சேரும் கிழமைக்கு முன், ஜெனாட் மதாம் சில்வியின் அறைக்குப் போய் நின்று, ஒருமுறை சிரித்துக் காட்டினார். மதாம் உண்மையாகவே மகிழ்ந்தார். கட்டிப்பிடித்தார். பிறகு இருத்திவைத்துப் பேசினார். இரண்டு ஆண்டுக்கு மேலாகிவிட்டது; அந்த அறையில் இப்போது டிப்ளோமா உள்ள ஓர் இளம்பெண் இருக்கிறாள்; சமையலறைக்கு ஜெனாட் போன பிறகு பிள்ளைகள் மிச்சம் வைப்பதே இல்லை; பருப்பு சூப்பைப் பெற்றோரே கேட்டு எழுதி வாங்குகிறார்கள்; சம்பளமும் அதேதான்; ஜெனாட் அங்கேயே இருந்தால் எல்லோருக்கும் நல்லது. எல்லாம் அன்பாகச் சொல்லப்பட்டது. பல் கட்டும்வரைக்கும் என்று முன்பு சொன்னதும் அன்பாகத்தான்.

ஜெனாட் கடைசிவரை கேட்டார். இடையில் ஓம் போடவில்லை. மதாம் முடித்ததும் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து அவர் பக்கமாக நகர்த்திவைத்தார்.

"சரி மதாம். என்ன காரணத்தால் அந்த அறை எனக்கு இல்லை என்பதை மட்டும் எழுதித் தாருங்கள்," என்றார். "நாளும் போடுங்கள்."

மதாம் சில்வி பேனாவைப் பார்த்தார், ஜெனாட்டைப் பார்த்தார். நீதிமன்றத்துக்குச் சாட்சிக் கடிதம் கொடுத்தவர் அவர், ஜெனாட் எங்கெங்கே ஏறி இறங்கினார் என்று அறிந்தவர். கொஞ்சம் பொறு, நேர அட்டவணையை இன்னொருமுறை பார்க்கிறேன் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஒட்டிய அட்டவணையில், திங்கள் முதல் வியாழன்வரை மதிய வாசிப்பு, நாலு வயது அறை, ஜெனாட் என்று இருந்தது. வெள்ளி மட்டும் சூப். அதற்குச் சம்மதமா என்று மதாம் கேட்டபோது, வெள்ளிக்கிழமைச் சூப்புக்கு மேலதிகச் சம்பளம் ஏதாவது உண்டா என்று ஜெனாட் கேட்டதாகவும், இருவரும் இன்னும் அதைப் பேசிக்கொண்டிருப்பதாகவும் தகவல்.